பிலோமினாவின் வியோஜனக் குறிப்பு

பிலோமினாவுக்குக் கோபம் வந்தால் டைப் அடிக்கும் வேகம் இரட்டிப்பாகும். ஆனப்பாறமுக்கில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே, வாழைப்பழ பஜ்ஜி போடும் பழம்பொரிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ‘தூவல்’ டைப்பிங் யூனிட்டிலிருந்து தடதடவென்று சத்தம் கிளம்பினால், கீழே எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் அவுசேப்பு அண்ணாந்து பார்த்து, “இன்னிக்கு யாரு மாட்டிக்கிட்டாங்க?” என்று கேட்பார். அவசர வேலை உள்ள கெட்டிக்காரர்கள் அந்த நேரமாகப் பார்த்து மாடி ஏறிக் காகிதத்தை நீட்டுவதும் உண்டு. சீக்கிரம் முடிந்துவிடுமே!

அப்படிப்பட்ட பிலோமினா, சனிக்கிழமைக் கூட்டம் முடிந்ததிலிருந்து வாயையும் திறக்கவில்லை, விசைப்பலகையையும் தொடவில்லை. கடையில் மற்ற மூன்று பேரும் பயந்தது அதற்குத்தான்.

தூவல், நாலு பெண்கள் சேர்ந்து, கேரளத்துப் பெண்கள் சுய உதவி இயக்கமான குடும்பஸ்ரீயில் பதிந்து நடத்தும் கடை. பிரசிடெண்ட் தேவயானி. கட்சிக் கூட்டம், வாசகசாலை, சுடுகாட்டுக் கமிட்டி என்று ஊரில் எங்கே நாற்காலி போட்டாலும் நடு நாற்காலி அவளுக்கு. பிலோமினாவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஜெராக்ஸும் லாமினேஷனும் ரம்லத்துவின் பொறுப்பு. கடைசியாக வந்து சேர்ந்தவள் ஷைலஜா. மகளுடைய பள்ளியில் அம்மாமார்களுக்கென்று நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் கற்றுக்கொண்டு வந்தவள். நாலு பேரில் சின்னவள்.

பிலோமினா செக்ரட்டரி. மஸ்கட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் செக்ரட்டரியாக இருந்தவளுக்கு ஊரில் வேறு என்ன பதவி கொடுப்பது? முதலாளி சொல்லி வாயை மூடுவதற்குள் கடிதம் அச்சாகி மேஜைக்கு வந்துவிடுமாம். அவள் பழகிய ஆபீஸ் மென்பொருள், வருஷா வருஷம் காசு கட்டி வாங்கும் பெரிய கம்பெனிச் சரக்கு. கடிதம் அடிக்க, கணக்குப் போட, திரையில் படம் காட்ட, எல்லாம் ஒரே கட்டாக வரும். எந்த வேலைக்கு எந்த விசை என்று அவள் மூளையைக் கேட்க வேண்டாம், விரலைக் கேட்டால் போதும். கம்பெனியை மூடியபோது முதலாளி கொடுத்த கம்ப்யூட்டரைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். தூவல் ஆரம்பித்ததே அதை நம்பித்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால், ஜன்னலோரம் கிடக்கும் நாற்காலி பிலோமினாவினுடையது. கணவர் போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் நியூசிலாந்தில். வீட்டில் அவளை யாருக்கும் எதற்கும் வேண்டியிருக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஊருக்கே வேண்டியிருந்தது. காலையில் கிளம்பும்போது அவள் புடவை மடிப்பை ஒழுங்காக எடுத்துக் கட்டுவது அந்த நாற்காலிக்காகத்தான்.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் ஒரு இடி விழுந்தது. கருகல் வாடை வந்தது. கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. ரம்லத்து மரண வீட்டில் ஓதும் வாக்கியத்தை மெதுவாகச் சொன்னாள். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். தேவயானி மட்டும், “புதுசு வாங்கலாம்டி, ஆள் போன மாதிரி நிக்காதீங்க” என்று கடனுக்கு எழுதிப் போட்டு, புதுக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்.

புதுசு வந்தது, உள்ளே ஆபீஸ் மென்பொருள் எதுவும் இல்லை. அடுப்பு வந்து பாத்திரம் வராத கதை.

பக்கத்து மொபைல் கடை ஜின்சன் மோப்பம் பிடித்து மேலே வந்தான். “சேச்சிமாரே, எதுக்கு யோசன? ஒரு சாயாக் காசு குடுங்க. அந்தப் பெரிய கம்பெனி ஆபீஸையே ஏத்திக் குடுத்துடறேன். பூட்டு உடைச்சது. ஊரே அதுலதான் ஓடுது.”

“போடா!” என்றாள் பிலோமினா. “ஒவ்வொரு தடவ தொறக்கறப்பவும் ஒரு பாவம். வாராவாரம் பாவசங்கீர்த்தனத்துல பாதிரியார் அச்சன்கிட்ட போயி, ‘அச்சோ, இந்த வாரம் இத்தன தடவ தொறந்தேன்’னு கணக்கு ஒப்பிக்கவா?”

“திருட்டுச் சாமான்ல சம்பாதிச்சத என் பிள்ளைங்களுக்கு ஊட்ட மாட்டேன்” என்றாள் ரம்லத்து.

ஜின்சன் நம்பிக்கையோடு தேவயானி பக்கம் திரும்பினான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “மொதலாளி பூட்ட உடைக்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல ஜின்சா. ஆனா உடைச்சதுக்கு அப்புறமும் அவன் சரக்கையே கட்டிப் புடிச்சிட்டு அழறோம் பாரு, அது கேவலம்.”

“மூணு மதமும் ஒண்ணா சேர்ந்து என் ஒரு சாயாவுல மண்ணள்ளிப் போட்டுடுச்சே” என்று தலையைச் சொறிந்துகொண்டு ஜின்சன் இறங்கிப் போனான்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, பிலோமினா பழகிய பெரிய கம்பெனிச் சரக்கை முறையாகக் காசு கட்டி வாங்குவது. மற்றது, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பயன்படுத்தும் காசில்லாத ஆபீஸ். ஷைலஜா கற்றது அதைத்தான். பிலோமினா அதற்கு ‘ஓசி ஆபீஸ்’ என்று பேர் வைத்தாள். ஷைலஜா ‘சுதந்திர ஆபீஸ்’ என்றாள். அங்கேயே சண்டை பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து நாய்க்குட்டிக்குப் பேர் வைப்பதானாலும் கூட்டம் வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, விவாதம், வாக்கெடுப்பு, நன்றியுரை எல்லாம் வேண்டும். நாலே பேர் இருக்கும் அறையில் ரம்லத்து எழுந்து நின்று மற்ற மூன்று பேரையும் வரவேற்றாள். தேவயானி உலகப் பொருளாதாரத்தில் ஆரம்பித்துத் தூவலுக்கு வந்து சேர்ந்தபோது பால் விடாத கட்டன்சாயா ஆறிப்போயிருந்தது.

“அது ஓசி இல்ல சேச்சி” என்று ஷைலஜா ஆரம்பித்தாள். “யாரும் பூட்டுப் போடாதது. யாரு வேணாலும் உள்ள தொறந்து பார்க்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்கும் குடுக்கலாம்.”

“நான் என்ன உள்ள தொறந்து திருத்தப் போறேனா? கத்தரிக்கா நறுக்க அரிவாமண கேட்டா, இரும்புச் சுரங்கத்தோட சாவியத் தூக்கிக் குடுக்கற!”

“வருஷா வருஷம் சந்தா கட்டணும். கட்டலன்னா நாம அடிச்ச கடுதாசிய நாமளே திருத்த முடியாது.”

“பஸ்ஸுக்குந்தான் தெனம் டிக்கெட் எடுக்கறோம். பஸ்ஸு நம்முதா ஆயிடுச்சா?”

“நடந்தே போற தூரத்துக்கு எதுக்குடி டிக்கெட்?” என்று தேவயானி நடுவில் புகுந்தாள்.

“நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிடும். நீ நடுவுல பேசாத, நீ தலைவர்.”

வாக்கெடுப்பு. ரம்லத்து யோசிக்காமல் பிலோமினா பக்கம் கையைத் தூக்கினாள். அவள் கணவன் சவூதியில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துத் தவித்தபோது, தூதரகத்துக்குக் கடிதம் மேல் கடிதமாக அடித்து ஆளை ஊருக்கு வரவழைத்தவள் பிலோமினா. அவள் அமாவாசையைப் பௌர்ணமி என்று சொன்னாலும் ரம்லத்து நிலாவைத் தேடுவாள். ஷைலஜாவும் தேவயானியும் எதிர்ப்பக்கம். இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு.

“அடி தேவயானி! நாலாம் கிளாசுல உன் சிலேட்டு ஒடைஞ்சப்ப என் சிலேட்ட யாரு குடுத்தா?”

“நீதான். செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா சிலேட்டு வேற, ஓட்டு வேற.” தேவயானி இன்னொரு முறை கையைத் தூக்கினாள். முடிந்தது.

பிலோமினாவை உறுத்தியது காசுமில்லை, கொள்கையுமில்லை, அதெல்லாம் பேச்சுக்கு. அவளுக்குப் பயம். புதுக் கம்ப்யூட்டரில் புது ஆபீஸ் என்றால், அதைத் தெரிந்தவள் ஷைலஜா. தெரிந்தவள்தானே ஜன்னலோரம் உட்காருவாள்? ஐம்பத்தேழு வயதில் விரல்களை மறுபடி ஒண்ணாம் கிளாசில் சேர்க்க முடியுமா? நாளைக்கு வருகிறவர்கள், “ஷைலஜா இல்லையா?” என்று கேட்பார்கள். தன்னை ஸ்டேப்ளர் அடிக்கும் மூலைக்குத் தள்ளுவார்கள். ஆனால் அதற்கெல்லாம் அழுகிற வம்சமில்லை அவள்.

“என் வியோஜனக் குறிப்ப மினிட்ஸ்ல சேர்க்கணும்” என்றாள்.

கூட்டம் எடுத்த முடிவோடு எனக்கு ஒப்புதல் இல்லை என்று எழுதித் தரும் தாளுக்குத்தான் அந்தப் பேர். எழுதிக் கொடுத்துவிட்டால், அது அந்த முடிவோடு ஒட்டிக்கொண்டு என்றைக்கும் கிடக்கும். எங்கள் ஊரில் தோற்றவனுக்கு அதுதான் பட்டுச் சால்வை.

“தாராளமா” என்றாள் தேவயானி. “அடுத்த சனிக்கிழமைக்குள்ள குடு. டைப் அடிச்சுக் குடு.”

அங்கேதான் சிக்கல். தூவலுக்குள் கையெழுத்தில் எந்தக் காகிதமும் புழங்கக் கூடாது. டைப்பிங் கடைக்காரர்கள் கையால் எழுதினால் கசாப்புக் கடைக்காரன் வீட்டில் சைவச் சாப்பாடு மாதிரி ஆகிவிடும் என்று விதி செய்தவளே பிலோமினாதான். பழைய கம்ப்யூட்டர் சவம். எதிர்ச்சாரியில் பவுலோஸின் டைப்பிங் கடை இருக்கிறது. ஆனால் தூவல் செக்ரட்டரி அங்கே போய் அடித்து வாங்கினாள் என்றால், மீன்காரன் வருவதற்குள் சேதி இரிஞ்ஞாலக்குட டவுன் வரை போய்விடும். ஆக, ஓசி ஆபீஸை எதிர்த்து எழுத வேண்டுமென்றால் ஓசி ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுத வேண்டும். தன் வாயால் தானே கெட்டது தவளை மட்டுமா?

மூன்று நாள் வீம்பு பிடித்தாள். புதன்கிழமை மத்தியானம், தேவயானி பஞ்சாயத்துக்கும் ஷைலஜா வழக்கம் போலச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கும் ஓடிய பிறகு, புது ஆபீஸைத் திறந்தாள். ஷைலஜா தினமும் வீட்டுக்கு ஓடுவதும், மணி மூன்றாகியும் வியர்க்க விறுவிறுக்க வருவதும் பிலோமினாவுக்கு ஏற்கெனவே ஒரு எரிச்சல். “பொதிச்சோறு கட்டிட்டு வந்து எங்களோட சாப்ட்டா கொறஞ்சா போயிடுவ?” என்று இரண்டு முறை கேட்டிருக்கிறாள். ஷைலஜா சிரித்து மழுப்பிவிடுவாள்.

‘இந்த முடிவை நான் வன்மையாக எதிர்க்கிறேன்’ என்று முதல் வரியை அடித்தாள். வரிகளுக்கு நடுவே இடம் விட, விரல் தன் பாட்டுக்குக் கன்ட்ரோலையும் இரண்டையும் சேர்த்து அமுக்கியது. மஸ்கட் பழக்கம். அவ்வளவுதான், அந்த வரி சோறு கண்ட பூதமாக உப்பி, தடித்த தலைப்பாகித் திரையில் நின்றது.

ஜெராக்ஸ் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த ரம்லத்து, “அய்யோ சேச்சி, இவ்வளவு சத்தமாவா எதிர்க்கறீங்க?” என்றாள்.

“நான் கத்தல. இது கத்துது!” என்றாள் பிலோமினா. ஆனாலும் அந்த விசை இங்கே தலைப்பு போடும் விசை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரே அமுக்கலில் தலைப்பு! மஸ்கட்டில் அவள் தலைப்புக்கு இதைவிட அதிகமாக விரல் நோகவிட்டிருந்தாள். அதை ரம்லத்துவிடம் சொல்லவில்லை.

ஆட்சேபங்களை வரிசையாக அடித்தாள். பெரிய பட்டியல். ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் உண்டு: சான்று இல்லாமல் குறை எழுத மாட்டாள். ஒரே கடிதத்தைப் பல பேருக்கு, பேரும் விலாசமும் மாற்றி அனுப்ப இதில் வழியில்லை என்று எழுதினாள். சான்றுக்காகப் பஞ்சாயத்து நோட்டீஸ் ஒன்றை எடுத்துச் செய்து பார்த்தாள். வழி இருந்தது. அந்த ஆட்சேபத்தை அழித்தாள். அட்டவணை கூட்டாது என்று எழுதினாள். கூட்டியது. அழித்தாள். ஒருவர் செய்த திருத்தத்தை மற்றவருக்குக் கலர் போட்டுக் காட்டாது என்றாள். பச்சைப் பசேலென்று காட்டியது.

“சனியனே, எதையாவது ஒண்ண செய்யாமத்தான் இரேன்!” என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

வியாழக்கிழமை கடைசியில் ஒன்று அகப்பட்டது. பழைய கம்ப்யூட்டரில் அடித்துப் பென் டிரைவில் சேமித்திருந்த கல்யாணச் சமையல் கொட்டேஷன் ஒன்றைத் திறந்தாள். அங்கே ஒரே பக்கத்தில் கச்சிதமாக நின்றது, இங்கே அலங்கோலமாகக் கிடந்தது. அட்டவணை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பாலடைப் பிரதமன் பாயசம் அடுத்த பக்கத்துக்கு ஓடியிருந்தது. பிலோமினா கைதட்டாத குறை. ‘ஒரு மென்பொருளில் செய்த தாள் மற்றதில் பக்கம் உடைகிறது. வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று யாரும் வேலை செய்ய முடியாது’ என்று அடித்து, இரண்டு முறை படித்து ரசித்தாள். இது பொய்யில்லை. சான்று கையில் இருக்கிறது. அவள் அன்று ஜெயித்தவளைப் போல் வீட்டுக்குப் போனாள்.

குறிப்புக்கு ஓர் அட்டைப் பக்கம் வைத்தாள். எதிர்ப்பென்றாலும் மரியாதையாக இருக்க வேண்டாமா? அந்த அட்டைப் பக்கத்தில் எண் விழக் கூடாது, அடுத்த பக்கத்தில்தான் ஒன்று என்று தொடங்க வேண்டும். எவ்வளவு தேடியும் அதைச் செய்யும் இடம் மட்டும் தென்படவில்லை. சனிக்கிழமை தேவயானிக்கு மேல்கமிட்டியில் ஏதோ அவசரம், கூட்டம் ஒரு வாரம் தள்ளிப் போனது. யாரைக் கேட்பது? கடையில் கேட்டால் ரம்லத்து காதில் விழும். ரம்லத்து காதில் விழுந்தால் அவுசேப்பு காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் குர்பானைப் பூசை முடிந்ததும் பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு, கையில் அச்சப்பம் என்கிற அச்சுமுறுக்குப் பொட்டலத்தோடு ஷைலஜா வீட்டுக்கு நடந்தாள். வழியில் பார்த்தவர்களிடம் பிரகாசனைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

பிரகாசன் ஷைலஜாவின் கணவன். பெயின்ட் அடிப்பவன். கும்ப மாதத்தில், அதாவது மாசியில், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தது. தேறிவிட்டான், நடக்கிறான் என்று ஷைலஜா எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

நடக்கவில்லை. முன்னறைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டு, அதன்மேல் பழைய லேப்டாப், மருந்து டப்பா, கஞ்சிக் கிண்ணம். ஷைலஜா அவனுக்கு ஒரு பக்கம் தலையணை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள், வாசலில் பிலோமினாவைக் கண்டதும் திருடு போன இடத்தில் அகப்பட்டவள் போல நின்றாள்.

“வாங்க சேச்சி” என்றான் பிரகாசன். “எதிர்க்கட்சித் தலைவர் நேர்ல வந்திருக்கீங்க. எழுந்து நிக்க முடியல, மன்னிக்கணும்.”

“வாய்க்கு ஒண்ணும் ஆகல போலிருக்கே” என்றாள் பிலோமினா. ஆனால் கண் அவனுடைய மெலிந்த காலில் நின்றுவிட்டது. “நடக்கறான்னு சொன்ன?”

“நடப்பாரு, சேச்சி. ஆறு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்றாரு. மணிக்கொரு தடவ திருப்பிப் படுக்க வைக்கணும். காலைல இவரு தங்கச்சி வந்து இருக்கா. மத்தியானம் அவ வேலைக்குப் போகணும், நான் கடைக்குத் திரும்பினா இவரு தனியாத்தான்.” ஷைலஜா தரையைப் பார்த்துப் பேசினாள். “வேலைய விட்டுடலாம்னுதான் இருந்தேன். அப்பத்தான் பழைய கம்ப்யூட்டர் போச்சு. கடையிலயும் இதே ஆபீஸ் வந்துட்டா, மத்தியான வேலைய வீட்டுக்குக் கொண்டாந்து இதுல அடிச்சிடலாமேன்னு... காசு கட்றதா இருந்தா, இந்த லேப்டாப்புக்கும் தனியாக் கட்டணும். எங்கேருந்து கட்றது?”

“இத ஏண்டி கூட்டத்துல சொல்லல? சுதந்திரம், பூட்டுன்னு ஊர் வம்பெல்லாம் பேசின!”

“சொன்னா, பாவம்னு ஓட்டுப் போட்ட மாதிரி ஆயிடும். பாவம்னு ஒருத்தர் போட்ட ஓட்டுல நான் எப்படி சேச்சி தலை நிமிந்து கடைக்கு வர்றது?”

பிலோமினா பென் டிரைவை அவிழ்த்துக் கொடுத்தாள். ஷைலஜா அதைச் சொருகினாள். ‘வன்மையாக எதிர்க்கிறேன்’ என்று தடித்த தலைப்போடு திரை நிறைந்தது. கட்டிலிலிருந்து பிரகாசன் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான், இடுப்பு வலித்து நிறுத்தினான். ஷைலஜா சிரிக்கவில்லை. எங்கேயோ ஒரு பட்டியலைத் திறந்து, இரண்டு இடத்தில் தட்டினாள். அட்டைப் பக்கத்து எண் மறைந்தது.

பிலோமினா எண்ணைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தாள். கடையில் எப்படி நின்றதோ, இந்தக் கிழட்டு லேப்டாப்பிலும் அப்படியே நின்றது. ஒரு வரி நகரவில்லை. ‘வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று யாரும் வேலை செய்ய முடியாது.’ கைதட்டாத குறையாக ரசித்து எழுதிய அந்த ஒரே ஆட்சேபம், கட்டில் கிடக்கும் இந்த அறையில் பார்க்க, அச்சு அசலாக எதிர்த்தரப்பு வாதமாக இருந்தது. பொதி கட்டிக்கொண்டு வரச் சொன்னோமே இவளை!

“என் நாற்காலிக்கு வரப் போறேன்னு நெனச்சேன்” என்றாள். சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது.

“எந்த நாற்காலி? ஜன்னல் கிட்டயா?” ஷைலஜாவுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. “நல்லாருக்கே! எனக்குக் கடுதாசி அடிக்கத்தான் சேச்சி தெரியும். எழுத உங்களுக்குத்தான தெரியும். ‘மேற்படி விஷயமாக’ன்னு ஆரம்பிச்சா, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் ஓடாது. நான் அங்க உக்காந்தா ரெண்டே நாள்ல பவுலோஸு கடைக்குக் கூட்டம் சேர்ந்துடும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இங்க பார்த்தத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. பரிதாபப்படுவாங்க.”

“மோளே” என்றாள் பிலோமினா. மகளே என்று அர்த்தமாகும் அந்த வார்த்தையை அவள் ஷைலஜாவிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. “நான் உனக்கு எதிரா ஓட்டுப் போட்டவ. எனக்கு எங்கேருந்து பரிதாபம் வரும்? அச்சப்பத்த எடுத்து அவனுக்குக் குடு.”

அடுத்த சனிக்கிழமை. ரம்லத்து வரவேற்றாள். தேவயானி உலகப் பொருளாதாரத்தைத் தொட்டுவிட்டு, “இப்ப வியோஜனக் குறிப்பு” என்றாள். பிலோமினா ஆளுக்கொரு பிரதி கொடுத்தாள். அட்டைப் பக்கம். அடுத்து உள்ளடக்கப் பட்டியல். பக்க எண்கள் சரியாக இருந்தன. எதிர்ப்புக்குப் பொருளடக்கம் போட்டவள் எங்கள் பஞ்சாயத்திலேயே அவள் ஒருத்திதான்.

தேவயானி சத்தமாக வாசித்தாள்.

“‘சென்ற கூட்டத்து முடிவை எதிர்த்தேன். இப்போதும் எதிர்க்கிறேன். முடிவு சரி. அதற்குச் சொன்ன காரணம் தவறு.’” தேவயானி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “என்னடி இது?”

“படி.”

“‘சுதந்திரம், கொள்கை, முதலாளித்துவம் என்று மினிட்ஸில் இருப்பதை அடித்துவிட்டுக் கீழ்க்கண்டதைச் சேர்க்க வேண்டும். நம் யூனிட்டின் வேலையில் ஒரு பங்கு இனி உறுப்பினர் ஷைலஜாவின் வீட்டில், அவர் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்கும். இரண்டு மென்பொருள் இருந்தால் பக்கம் உடையும், சான்று இணைப்பில். ஆகவே வீட்டிலும் கடையிலும் ஒன்றே இருக்க வேண்டும். அது காசில்லாததாக இருப்பது தற்செயல்.’”

ஷைலஜா தாளால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ரம்லத்து இணைப்பில் அடுத்த பக்கத்துக்கு ஓடியிருந்த பாலடைப் பிரதமனைப் பார்த்துவிட்டு ஷைலஜாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அவள் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

“எதிர்க்கட்சி எழுதினதுல பரிதாபம் இருக்காது” என்றாள் பிலோமினா. “தலய நிமித்துடி.”

தேவயானி கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஜலதோஷம் என்றாள். பிறகு தலைமைக் குரலை வரவழைத்துக்கொண்டு, “அப்ப வியோஜனத்த வாபஸ் வாங்கிக்கறயா?” என்றாள்.

“வாபஸா? என்ன மயித்துக்கு? எதிர்த்தது எதிர்த்ததுதான். அது மினிட்ஸ்ல கெடக்கணும்.”

“கெடக்கட்டும். ஆனா கடைசி வரில ஒரு கொற இருக்கு. ‘வீட்டிலிருந்து வரும் வேலையை ஜன்னலோர நாற்காலியில் இருப்பவர் சரிபார்த்து அனுப்ப வேண்டும்’னு எழுதியிருக்க. யாரு அதுன்னு போடலயே. பேர் இல்லன்னா செல்லாது.”

“அது கூடவா எழுதணும்?”

“எழுதணும்” என்றாள் ஷைலஜா, தாளுக்குப் பின்னாலிருந்து.

பிலோமினா எழுந்தாள். புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்து கடைசி வரிக்குப் போனாள். அந்த விசைப்பலகை வந்ததிலிருந்து கேட்காத சத்தம் தடதடவென்று கிளம்பி, மாடிப்படி இறங்கி, எண்ணெய்ச் சட்டி வரை போனது.

கீழே அவுசேப்பு அண்ணாந்து பார்த்தார். “ஆஹா, வந்துடுச்சு! இன்னிக்கு யாரு மாட்டிக்கிட்டாங்க?”

பிலோமினா அடிப்பதை நிறுத்தாமல் ஜன்னல் வழியே கத்தினாள்: “நான்தான்! நாலு பழம்பொரி மேல அனுப்பு!”